காலையில் மட்டும் மேலே வந்த மீன்கள்: ஒரு செடித்தொட்டியின் 22 வாரங்கள்

பின்னணி

உயிருள்ள செடிகள் நட்ட ஒரு மீன்தொட்டி: 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 36 உயரம். கணக்குப் போட்டால் 65 லிட்டர் வரும். சரளைக்கல், கட்டை, மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக உள்ளே நின்ற தண்ணீர் 52 லிட்டர்தான். தொட்டியின் சொந்தக்காரர்கள் ஓர் அம்மாவும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவர் மகனும். முன்பு பிளாஸ்டிக் செடி வைத்த சின்னத் தொட்டி ஒன்று இரண்டு வருடம் அவர்களிடம் பிரச்சினை இல்லாமல் ஓடியிருக்கிறது. உயிருள்ள செடி இதுதான் முதல்முறை.

செடி ஆக்சிஜன் கொடுக்கும், மீனின் கழிவு செடிக்கு உரமாகும், ஆகவே தொட்டி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது வளர்கிற செடிக்குத்தான் பொருந்தும். நட்டுவைத்த செடி எல்லாம் வளர்கிற செடி ஆகிவிடாது. இந்தத் தொட்டியில் நடந்த எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்தில் வந்து நிற்கிறது.

நான் இதில் வந்து சேர்ந்தது ஆறாவது வாரத்தில். அதற்கு முந்தைய கதையை அம்மா சொல்லியும் மகனின் நோட்டைப் பார்த்தும் தெரிந்துகொண்டேன். பையன் முதல் நாளிலிருந்தே தேதி போட்டு எழுதி வைத்திருந்தான்.

முதல் ஆறு வாரம்

முதல் நாள் தண்ணீர் நிரப்பி, வாலிஸ்நேரியா, அமேசான் ஸ்வோர்ட், கபோம்பா, அனுபியாஸ் நான்கையும் நட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் 12 கப்பி (4 ஆண், 8 பெண்), 8 நியான் டெட்ரா, ஒரு சக்கர் மீன். புதுத் தொட்டியில், மீன் கழிவிலிருந்து வரும் நச்சு அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் நிலைபெற மூன்றிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அந்தக் காத்திருப்பு இங்கே நடக்கவே இல்லை. செடி இருப்பதால் தேவையில்லை என்று நினைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் வாரம் ஸ்வோர்ட் செடியின் இலைகள் கண்ணாடிபோல் ஆகிக் கரைந்தன. இது நோய் இல்லை. இந்த வகைச் செடிகளைப் பண்ணைகளில் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில்தான் வளர்க்கிறார்கள். அந்த இலை நீருக்குள் பிழைக்காது. அது உதிர்ந்து, நீருக்கேற்ற புது இலை வர வேண்டும். இது தெரியாமல், வேர் பிடித்துவிட்டதா என்று பார்க்க வாரம் இரண்டு முறை செடியைப் பிடுங்கிப் பார்த்துத் திரும்ப நட்டிருக்கிறார்கள். மூன்று நியான்கள் செத்தது இதே வாரத்தில்தான்.

மூன்றாம் வாரம், செடிக்கு வெளிச்சம் போதவில்லை என்று முடிவுசெய்து, 8 மணி நேரம் எரிந்த எல்இடி விளக்கைக் காலை 8 முதல் இரவு 10 வரை, அதாவது 14 மணி நேரமாக்கினார்கள். திரவ உரத்தையும் குப்பியில் போட்டிருந்த அளவைவிட இரண்டு மடங்காகத் தினமும் விட்டார்கள். நான்காம் வாரம் பச்சை நூல்பாசி வந்தது. ஐந்தாம் வாரம் காற்று மோட்டாரை நிறுத்தினார்கள்.

"செடியே காத்து குடுக்குதே, அப்புறம் எதுக்கு அந்த மோட்டார் சத்தம்னு நிறுத்திட்டோம்" என்றார் அம்மா.

இதற்கிடையே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை கசக்கிப் பிழிந்திருக்கிறார்கள். பாக்டீரியா குடியேறுகிற இடமே அந்தப் பஞ்சுதான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் குடியேறியதும் போய்விடும்.

மாலை ஆறு மணியும் காலை ஐந்தரை மணியும்

நான் முதலில் போனது ஒரு சனிக்கிழமை மாலை. தொட்டி பார்க்க அசிங்கமாக இருந்தது, அவ்வளவுதான். நூல்பாசி வாலிஸ்நேரியாவைச் சுற்றிப் பஞ்சுமிட்டாய்போலப் படர்ந்திருந்தது. அதன் நுனிகளிலிருந்து காற்றுக்குமிழ்கள் மேலே போய்க்கொண்டிருந்தன. மீன்கள் சுறுசுறுப்பாகவே நீந்தின. அன்றைய கணக்கு: கப்பி 11, நியான் 4, சக்கர் 1, இருபது போலக் கப்பிக் குஞ்சுகள். தீனி அதிகம் போடுகிறீர்கள், குறையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பேன்.

நோட்டைப் புரட்டியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஐந்தாம் வாரத்திலிருந்து எழுதியிருந்த சாவு எல்லாமே "காலையில் பார்த்தேன்" என்றுதான் இருந்தது. மறுநாள் ஐந்தரை மணிக்கு, விளக்குப் போடாமல், கைபேசி வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னேன். பையன் கூப்பிட்டான். "அங்கிள், எல்லா மீனும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது." பத்து மணிக்குத் திரும்பப் பார்த்தால் எல்லாம் இயல்பாக இருக்கின்றன.

அன்று காலையும் மாலையும் சொட்டுமருந்து வகைச் சோதனைப் பெட்டியை வைத்து அளந்தோம். பிஹெச் (நீரின் அமில-கார அளவு) காலையில் 7.0, மாலையில் 8.2. மொத்த அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், நைட்ரைட் 0.5, நைட்ரேட் 40. நீர் வெப்பம் 28 டிகிரி செல்சியஸ்.

இந்த எண்கள் சொன்னது

தண்ணீர் ஒன்று, ஒரே நாளில் இரண்டு வேறு ஆபத்து.

முதலில் இரவு. வெளிச்சம் இருக்கும்வரை செடியும் பாசியும் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இருட்டியதும் அவையும் மீனைப்போலவே ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவை விடுகின்றன. அழுகுகிற இலையைத் தின்னும் பாக்டீரியாவுக்கு இரவு பகல் கிடையாது. அது எந்நேரமும் இழுக்கும். 28 டிகிரியில் நீர் காற்றிலிருந்து பிடித்துவைத்துக்கொள்ளும் ஆக்சிஜனே லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் குறைவு. மோட்டார் இல்லை, நீரின் மேற்பரப்பு அசையவில்லை. விடிவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் அந்தத் தொட்டியின் மோசமான நேரம். காலை பிஹெச் 7.0 என்பதும் இதையே சொல்கிறது: இரவெல்லாம் சேர்ந்த கரியமில வாயு பிஹெச்சைக் கீழே தள்ளியிருந்தது.

அப்புறம் மாலை. பகலெல்லாம் பாசி அந்தக் கரியமில வாயுவை உறிஞ்சித் தீர்த்ததும் பிஹெச் 8.2-க்கு ஏறிவிட்டது. அம்மோனியா நீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும்: அயனியான அம்மோனியம், அயனி ஆகாத அம்மோனியா. அயனி ஆகாத வடிவம்தான் செவுளைப் பொசுக்கும். இந்த வெப்பத்தில் பிஹெச் 7-ல் நூற்றில் ஒரு பங்குகூட அந்த வடிவில் இருக்காது. 8.2-ல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அப்படி ஆகிவிடும். சோதனைக் குழாயில் காலையும் மாலையும் ஒரே பச்சை நிறம்தான் தெரிந்தது, ஆனால் மீனுக்கு மாலைத் தண்ணீர் பத்து மடங்குக்கும் மேல் கொடியது. மாலையில் சுறுசுறுப்பாக இருந்ததாக நான் நினைத்த நியான்களில் ஒன்று, பிறகு கவனித்தால், செவுள் மூடி சற்றே தூக்கியபடி நின்றது. முதல் நாள் அதை நான் கவனிக்கவில்லை.

இந்த இரண்டுக்கும் அடியில் இருந்தது ஒன்றுதான். தொட்டியில் நான்கு வகைச் செடி இருந்தும் ஒன்றுகூட வளரவில்லை. வளராத செடி அம்மோனியாவை எடுக்காது; அழுகினால் அதுவே அம்மோனியா கொடுக்கும். இலை கரைகிற ஸ்வோர்ட் செடியை அந்த வாரம் மீன் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். செடிகள் விட்டுவைத்த உரத்தையும் வெளிச்சத்தையும் பாசி எடுத்துக்கொண்டது.

முதலில் எடுத்த முடிவுகள்

அன்றே 40 சதவீதம் தண்ணீர் மாற்றினோம், குளோரின் நீக்கும் மருந்து கலந்து. அடுத்த இரண்டு வாரம் வாரம் இருமுறை 30 சதவீதம். விளக்கை மாலை 3 முதல் இரவு 9 வரை, ஆறு மணி நேரத்துக்கு டைமரில் போட்டோம். காற்று மோட்டாரையும் டைமரில் இரவு 9 முதல் காலை 9 வரை ஓடும்படி வைத்தேன். பகலில் ஓட விடாததற்குக் காரணம், குமிழிகள் நீரை அலைத்துக் கரியமில வாயுவை வெளியேற்றினால் செடிக்குக் கிடைப்பது குறையும் என்ற நினைப்பு. இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு அடுத்த வாரமே விலை கொடுத்தோம்.

உரம் முழுக்க நிறுத்தம். தீனி ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. ஃபில்டர் பஞ்சை இனி தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் லேசாக ஒரு பிழி, மாதம் ஒருமுறை.

அனுபியாஸை வெளியே எடுத்தபோது ஒரு நாற்றம் வந்தது, தேங்கிய சாக்கடைபோல. அந்தச் செடிக்குக் கிடையாக ஓடும் தடித்த தண்டு உண்டு. வேரை மட்டும்தான் கல்லுக்குள் விடலாம், தண்டைப் புதைத்தால் அழுகும். விரலால் அழுத்தினால் பாதித் தண்டு வேகவைத்த கிழங்குபோல் குழைந்தது. உறுதியான பச்சை தெரியும்வரை பிளேடால் வெட்டினோம். மிஞ்சியது சுண்டுவிரல் நீளமும் மூன்று இலையும். அதைக் கட்டையோடு வைத்துத் தையல் நூலால் கட்டினோம். கபோம்பா உதிர்ந்து காம்பாகியிருந்தது, எடுத்துப் போட்டோம். ஸ்வோர்டில் நடுக்குருத்து பச்சையாக இருந்ததால், கரைந்த இலைகளை மட்டும் நறுக்கிவிட்டு, இனி யாரும் பிடுங்கிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இருட்டடிப்பு: என் தவறு

ஏழாம் வாரம் பிஹெச் ஏற்றம் கொஞ்சம் குறைந்திருந்தது, பாசி குறையவில்லை. மூன்று நாள் முழு இருட்டு வைத்தால் பாசி பலவீனமாகும் என்பது பலரும் செய்கிற வழி. நானும் இரண்டு தொட்டியில் செய்திருக்கிறேன். தொட்டியைப் போர்வையால் சுற்றச் சொன்னேன்.

இரண்டு விஷயம் யோசிக்கவில்லை. ஒன்று, இறந்த பாசி எங்கும் போகாது. அதே 52 லிட்டருக்குள்தான் அழுகும். முதலில் கையால் அள்ளியிருக்க வேண்டும். இரண்டாவது, மோட்டார் டைமர். பகலில் வெளிச்சம் இருக்கும் என்ற கணக்கில் வைத்த டைமர் அது. போர்வைக்குள் பகல் கிடையாது. ஆனாலும் மோட்டார் காலை 9 மணிக்கு ஒழுங்காக நின்று, 12 மணி நேரம் கழித்துத்தான் ஓடியிருக்கிறது. மூன்று நாளும் இதே கதை.

நான்காம் நாள் காலை போர்வையை எடுத்தபோது இரண்டு பெண் கப்பியும் ஒரு நியானும் செத்திருந்தன. அம்மோனியா 1.0. உடனே பாதித் தண்ணீர் மாற்றி, வெளுத்துத் தொங்கிய பாசியைப் பழைய பல் துலக்கும் பிரஷில் சுற்றிச் சுற்றி எடுத்தோம். இரண்டு கைப்பிடி வந்தது. மாலையில் இன்னொரு முறை 30 சதவீதம் மாற்றினோம்.

அன்றோடு மோட்டார் டைமர் போயிற்று. 24 மணி நேரமும் ஓடட்டும் என்று விட்டோம். சத்தம்தான் ஆரம்பத்திலிருந்தே பிரச்சினை என்பதால் மோட்டாரைப் பாத்திரம் தேய்க்கும் பஞ்சின் மேல் வைத்தோம். பாதிச் சத்தம் அடங்கியது. ஃபில்டர் வாயை மேற்பரப்பைக் கலக்கும்படித் திருப்பினோம். பகலில் கொஞ்சம் கரியமில வாயு போனால் போகட்டும். காற்றிலிருந்து கரைவதை வைத்தே வளரும் செடிகள் போதும் என்று பாதையை மாற்றினேன்.

வேகமான செடி, குறைந்த மீன்

எட்டாம் வாரம் ஹைக்ரோஃபைலா தண்டுகள் பத்து, ஒரு கைப்பிடி ஹார்ன்வார்ட், மேலே மிதக்க சால்வினியா. மூன்றையும் தேர்ந்தெடுத்தது அழகுக்காக இல்லை. மூன்றும் வேகமாக வளரும், வெளிச்சம் குறைவாக இருந்தாலும் ஓடும். நைட்ரேட்டைவிட அம்மோனியத்தை முந்தி எடுப்பது நீர்ச்செடிகள் பலவற்றின் இயல்பு. பாக்டீரியா முழுதாக நிலைபெறும்வரை அந்த இடைவெளியை இவை தாங்கும். சால்வினியாவுக்கு இன்னொரு வசதி, இலை காற்றில் இருப்பதால் கரியமில வாயுத் தட்டுப்பாடே அதற்கு வராது. கீழே விழும் வெளிச்சத்தையும் அது குறைக்கும்.

செடிகளோடு சிறு நத்தைகளும் வந்துவிட்டன. அம்மாவுக்கு அவற்றைப் பிடிக்கவில்லை, மருந்து போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். 1850-ல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் ஒரு சோதனையை வெளியிட்டார்: இரண்டு தங்கமீன், வாலிஸ்நேரியா. வாலிஸ்நேரியாவின் பழைய இலைகள் அழுகி, நீர் கலங்கி, பாசி படர்ந்தது. அவர் அழுகலைத் தின்னக் குளத்து நத்தைகளை விட்ட பிறகுதான் அந்தத் தொட்டி நிலைத்தது. 170 வருடம் கழித்தும் அதே செடி, அதே அழுகல். நத்தை பெருகினால் தீனி மிஞ்சுகிறது என்று பொருள், அதை ஒரு மானியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அரைமனதாகச் சம்மதித்தார்.

மீன் பக்கம் பேச்சு கொஞ்சம் கடினமாக இருந்தது. சாதாரண சக்கர் மீன் 30 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். இந்தத் தொட்டியின் அகலமே அவ்வளவுதான். அது பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவருக்குப் போனது. மீதி மூன்று நியானும் இன்னும் குளிர்ந்த நீரில் ஒரு கூட்டத்தோடு சேரட்டும் என்று இன்னொரு வீட்டுக்குப் போயின. பெண் கப்பியைக் கொடுக்கப் பையனுக்கு மனசே வரவில்லை. ஆணைப் பிரித்து வைத்தால் போதுமே என்றான். போதாது. ஒருமுறை சேர்ந்த பெண் கப்பி, விந்தைச் சேமித்து வைத்துப் பல மாதம் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போலக் குஞ்சு போட்டுக்கொண்டே இருக்கும். கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ஒன்பதாம் வாரம் ஐந்து பெண்களும் குஞ்சுகளில் பெரும்பகுதியும் போயின. 4 பெரிய ஆண்களும், ஆண் என்று தெரிந்த 6 குஞ்சுகளும் தங்கின.

13ஆம் வாரம்: எதிர்ப்பக்கம் சாய்ந்தது

நடுவில் நான்கு வாரம் நன்றாகவே போயிற்று. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழி. நூல்பாசி கையால் எடுக்க எடுக்கக் குறைந்தது. ஸ்வோர்டில் நீருக்கேற்ற மெல்லிய புது இலைகள் ஆறு வந்தன.

13ஆம் வாரம் வாலிஸ்நேரியாவின் பழைய இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. ஹைக்ரோஃபைலாவின் கீழ் இலைகளில் ஊசியால் குத்தியதுபோல் ஓட்டைகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் மஞ்சள் விளிம்பு. அந்த இலைகளில் மட்டும் பாசி திரும்ப உட்கார்ந்தது. உடனே விளக்கைக் குறைக்கலாம் என்றார் அம்மா. பாசி என்றால் வெளிச்சம் அதிகம் என்பது அவர் மனதில் பதிந்துவிட்டது, பதிய வைத்ததும் நான்தான்.

அளந்தால் நைட்ரேட் சுழி. மீன் பத்தாகக் குறைந்துவிட்டது, செடி மூன்று மடங்காகிவிட்டது, உரம் ஆறாம் வாரத்தில் நிறுத்தியது நிறுத்தியபடியே இருக்கிறது. அதைத் திரும்பத் தொடங்க வேண்டும் என்று எங்கள் இருவர் நோட்டிலும் இல்லை. பழைய இலை மொத்தமாக மஞ்சளாவது நைட்ரஜன் குறைவு, பழைய இலையில் ஓட்டை விழுவது பெரும்பாலும் பொட்டாசியக் குறைவு. புது இலை வெளுத்திருந்தால் இரும்பைச் சந்தேகித்திருப்பேன். குருத்து பச்சையாகத்தான் இருந்தது. மேலே சால்வினியா வேறு ஒரு விரல் இடம் விடாமல் மூடியிருந்தது.

நைட்ரேட், பொட்டாசியம், நுண்சத்துகள் மூன்றும் உள்ள உரத்தைக் குப்பியில் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு, வாரம் இருமுறை. நைட்ரேட் 10-ஐ ஒட்டி நிற்க வேண்டும் என்று இலக்கு. ஓட்டை விழுந்த இலைகளை நறுக்கிவிட்டோம், அவை திரும்பச் சரியாகாது. சால்வினியாவில் வாரம் பாதியை அள்ளிப் போடுவது பையனின் வேலை. விளக்கு ஆறு மணி நேரத்திலிருந்து ஏழானது. அம்மா நம்பவில்லை. மூன்று வாரத்தில் வந்த புது இலைகளில் ஓட்டை இல்லை என்றதும் அந்தப் பேச்சு நின்றது.

22ஆம் வாரம்

கடைசியாக அளந்தபோது: பிஹெச் காலை 7.2, மாலை 7.5. அம்மோனியா, நைட்ரைட் சுழி. நைட்ரேட் 10. வாரம் 25 சதவீதம் தண்ணீர் மாற்றம் தொடர்கிறது. ஒன்பதாம் வாரத்துக்குப் பின் மீன் எதுவும் சாகவில்லை. அனுபியாஸில் எட்டு இலை. வாலிஸ்நேரியா ஓடுதண்டு விட்டுப் பின்புறம் முழுக்க நிறைந்துவிட்டது. ஃபில்டர் குழாயில் கரும்பாசி ஒரு கொத்து இருக்கிறது. அது போகவில்லை, நாங்களும் அதோடு மல்லுக்கட்டவில்லை. நத்தைகள் முப்பதோ நாற்பதோ, பெருகவில்லை.

பையன் ஆறு கோரிடோராஸ் மீன் வேண்டும் என்கிறான். இரண்டு இரண்டாக, மூன்று வார இடைவெளியில், ஒவ்வொரு முறையும் அம்மோனியா அளந்து பார்த்துவிட்டு விடலாம் என்று பேசியிருக்கிறோம்.

மறுபடி செய்வதானால்

முதல் நாளே வேகமாக வளரும் செடியை நிறைய நட்டு, மெதுவான அனுபியாஸையும் ஸ்வோர்டையும் பிறகு சேர்ப்பேன். புது இலை வருவதைப் பார்த்த பின்தான் மீன். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியாகி ஒரு வாரம் அப்படியே நிற்க வேண்டும்.

இருட்டடிப்பைச் செய்திருக்கவே மாட்டேன். செய்தே ஆக வேண்டுமென்றால் பாசியை முதலில் அள்ளி, மோட்டாரை இரவு பகலாக ஓடவிட்டு, போர்வையை எடுக்கும்போது தண்ணீர் மாற்றத் தயாராக இருப்பேன்.

உரத்தை நிறுத்தும்போது, எந்த அளவுக்கு நைட்ரேட் இறங்கினால் திரும்பத் தொடங்குவது என்பதையும் அன்றே எழுதி வைப்பேன்.

போன உடனே சோதனைப் பெட்டியைத் திறக்க மாட்டேன். மீன்கள் எந்த நேரத்தில் செத்தன என்று முதலில் கேட்பேன். இங்கே அந்தப் பதில் பையனின் நோட்டில் இரண்டு வாரமாக இருந்தது.